நகரச் சுதந்திரம் எவர் இட்ட பிச்சை?

ஐரோப்பாவின் இடைக்கால நகரங்களைப் பற்றிப் பேசப் புகுவோர் பெரும்பாலும் ஒரு வாக்கியத்தைத் தவறாமல் சொல்லி வைக்கிறார்கள். அரசர்களும் பிரபுக்களும் மனமிரங்கி நகரங்களுக்குச் சுதந்திர சாசனங்களை அளித்தனர் என்பதே அவ்வாக்கியம். நாம் ஆங்கிலப் பள்ளியில் பயின்ற சரித்திரப் புத்தகத்திலும் அது இருந்தது. எந்த அரசன் எந்த ஆண்டு பட்டமேறினான், எவளை மணந்தான், எந்தப் போரில் எந்தக் குதிரையினின்றும் விழுந்தான் என்பனவற்றுக்கெல்லாம் பக்கம் பக்கமாக இடம் கொடுத்த அந்நூல், பல லட்சம் ஜனங்கள் அடிமைத்தளையினின்று நீங்கி நகரவாசிகளான வரலாற்றுக்கு ஒதுக்கிய இடம் அந்த ஒரு வாக்கியமேயாகும். நாமும் அதை நெட்டுருப் போட்டுப் பரீட்சையில் எழுதி மதிப்பெண் பெற்றோம்.

“அளித்தனர்” என்னும் அந்தச் சொல்லோடுதான் இன்று நமக்கு வழக்கு. சொல்லில் என்ன இருக்கிறது என்று அன்பர்கள் கேட்கலாம். ஒரு பொருள் தானமாக வந்தது என்று ஒப்புக்கொண்டால், தானம் செய்தவன் மனம் மாறித் திரும்பக் கேட்கும் நாளில் வாங்கினவன் வாய்திறக்க வழியில்லை. அதே பொருள் விலை கொடுத்து வாங்கப்பட்டதாயின், அல்லது இரத்தம் சிந்திப் பெறப்பட்டதாயின், கேட்க வருபவன் கொள்ளைக்காரனாவான். ஆகவே அளித்தனரா, கொடுக்க வைக்கப்பட்டனரா என்பது இலக்கண ஆராய்ச்சியன்று, உரிமை ஆராய்ச்சியேயாகும்.

முதலில் நிலைமையைப் பார்ப்போம். 5ஆம் நூற்றாண்டில் மேற்கு ரோம சாம்ராஜ்யம் சரிந்தபின் மேற்கு ஐரோப்பாவின் பழைய நகரங்கள் சுருங்கிப் போயின. ரோமாபுரியே, உச்சநிலையில் பத்து லட்சம் ஜனங்கள் வாழ்ந்த இடமாக மதிக்கப்படுவது, சில பதினாயிரம் பேர் வாழும் இடிபாட்டுக் குவியலாயிற்று. மற்ற இடங்களில் மதிலுக்குள்ளே ஒரு மேற்றிராணியார், அவருடைய தேவாலயம், அவரை அண்டிப் பிழைக்கும் சில குடும்பங்கள், அவ்வளவே. பிறகு, 10, 11ஆம் நூற்றாண்டுகளில் காடு திருத்தப்பட்டது. கனத்த கலப்பையும், குதிரையின் கழுத்தை நெரிக்காமல் தோளில் பாரம் தாங்கும் புதுப்பட்டையும், நிலத்தை மூன்றாகப் பிரித்துச் சுழற்சியாய்ப் பயிரிடும் முறையும் பரவின. உழுதவன் வயிற்றுக்குப் போகத் தானியம் மிஞ்சிற்று. தானியம் மிஞ்சினால் சந்தை கூடும். சந்தை கூடினால் கோட்டைச் சுவருக்கு வெளியே வியாபாரியும் கொல்லனும் நெசவாளியும் குடிசை போடுவார்கள். அக்குடிசைகளே நாளடைவில் தமக்கென்று ஒரு மதிலை எழுப்பிக்கொண்டு நகரங்களாயின.

பெல்ஜிய நாட்டுச் சரித்திராசிரியர் ஹென்றி பிரென் 1925ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், தூரதேச வியாபாரிகளே நகரங்களைப் பெற்றெடுத்தவர்கள் என்று நிறுவப் பார்த்தார். அரசர்களைத் தெய்வமாக்கிய நூல்களைக் காட்டிலும் அது நூறு பங்கு மேலானது. ஆயினும் வியாபாரிக்கு அவர் அளவுக்கு மீறி மாலை சூட்டிவிட்டார் என்பதே நமது கருத்து. பின்வந்தோர் மண்ணைத் தோண்டி ஆராய்ந்ததில், கடல் வணிகம் அறவே அற்றுப்போயிற்று என்று அவர் சொன்ன காலத்திலேயே ரைன் நதிக்கிளையொன்றில் டோரஸ்டாடு போன்ற துறைப்பட்டினங்கள் சுறுசுறுப்பாய் நடந்தமை வெளியாயிற்று. வியாபாரியின் மூட்டை நிறைவதற்கு முன் உழவனின் களம் நிறைந்திருக்க வேண்டும் என்பதையும் அவர் போதிய அளவு எண்ணவில்லை.

நகரம் என்றதும் நேயர்கள் மாடமாளிகை கூடகோபுரங்களை எண்ணிக்கொள்ள வேண்டா. அக்காலத்து ஐரோப்பிய நகரங்களிற் பெரும்பாலானவை 2000 ஜனங்களைக்கூட எட்டாதவை. ஒரு பெரிய ரப்பர்த் தோட்டத்தின் லயங்களில் முன்னாளில் குடியிருந்த தொகையே அவற்றினும் அதிகம் எனலாம். இத்துணைச் சிறிய ஊர் எதற்காகப் பெரிய பேச்சுக்கு இடமாயிற்று? மதிலுக்கு வெளியே இருந்தவன் பண்ணையடிமை. அவன் நிலத்தை விட்டுப் போகக்கூடாது. மகளை அயற்பண்ணையில் கட்டிக்கொடுக்கப் பிரபுவுக்குப் பணம் கட்ட வேண்டும். அவன் இறந்தால் தொழுவத்தில் உள்ள நல்ல மாடு பிரபுவுக்குச் சேரும். மாவரைப்பது பிரபுவின் ஆலையில், ரொட்டி சுடுவது பிரபுவின் அடுப்பில், இரண்டுக்கும் கட்டணம் உண்டு. மதிலுக்கு உள்ளே இவையெல்லாம் ஒழிந்தன, அல்லது ஒழிக்கப்படத்தக்கவையாயின. ஓடிவந்த அடிமை ஓராண்டும் ஒரு நாளும் நகரத்தில் தங்கிவிட்டால் அவனை எஜமானன் உரிமை கொண்டாட முடியாது என்னும் விதி பல இடங்களில் வழங்கியது. இங்கிலாந்தில் முதலாம் ஹென்றி காலத்து நியூகாசில் நகர வழக்கங்களிலேயே, பண்ணையாள் ஒருவன் ஓராண்டும் ஒரு நாளும் நகரத்தானாக வாழ்ந்தால் அங்கேயே நிலைக்கலாம் என்று காண்கிறது. நகரக் காற்றே மனிதனை விடுதலை செய்யும் என்று ஜெர்மானியர் இதைப் பழமொழி போலச் சொல்லுவர். சொற்றொடர் அழகானதுதான். ஆனால் அது 19ஆம் நூற்றாண்டுச் சட்ட ஆசிரியர்கள் சமைத்தது. ஓடிவந்தவன் காற்றைச் சுவாசித்துக்கொண்டு சும்மா இருந்து விடுதலை பெறவில்லை. அவனைத் தேடிக் குதிரையேறி வந்தவனை வாயிலில் நிறுத்தி, இங்கே அப்படிப்பட்டவன் இல்லை என்று துணிந்து சொல்ல ஆட்கள் வேண்டியிருந்தது.

இனி, தானம் என்ற வாதத்துக்கு வருவோம். தோட்டத்துக் காரியாலயத்தில் பேரேடு எழுதிப் பிழைப்பவர்களாகிய நாம் எந்தத் தஸ்தாவேஜைக் கண்டாலும் முதலில் தொகை எழுதிய பக்கத்தைத்தான் புரட்டுவோம். 1120ஆம் ஆண்டில் சாரிங்கன் குலத்துப் பிரபு கொன்ராடு என்பவன் பிரைபர்க் நகரத்தை நிறுவி வியாபாரிகளுக்குச் சாசனம் வழங்கினான். தர்மப்பிரபு என்று எழுதுகிறார்கள். சாசனத்தை வாசித்தால், ஒவ்வொரு மனைக்கட்டும் நீளம் 100 அடி, அகலம் 50 அடி, ஒவ்வொன்றுக்கும் ஆண்டுதோறும் ஒரு ஷில்லிங் வாடகை என்று இருக்கிறது. அதுவரை வெறும் புல் முளைத்துக் கிடந்த பூமிக்கு வருஷா வருஷம் ஷில்லிங் முளைக்கச் செய்தவன் தருமவான் ஆகான், கெட்டிக்காரன் ஆவான். அது குற்றமன்று. ஆயினும் வாடகைச் சீட்டைக் கொடைப் பட்டயம் என்று கூப்பிடுவது குற்றம்.

பணம் வாங்கிக்கொண்டு வாக்கைக் காத்தவர்களாவது மேல். வாங்கிக்கொண்டு வாக்கைத் தின்றவர்களும் உண்டு. பிரான்ஸ் தேசத்து லாவோன் நகரத்தின் கதையைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும்.

லாவோன் நகரத்துக்கு அதன் மேற்றிராணியாரே பிரபுவும் ஆவார். 12ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அப்பீடத்தில் இருந்தவர் கோத்ரி என்பவர். முன்னாளில் இங்கிலாந்து அரசன் முதலாம் ஹென்றிக்கு ஊழியம் செய்தவர். ஜெபத்தில் இருந்த நாட்டத்தைவிடக் குதிரையிலும் வேட்டையிலும் பணத்திலும் அவருக்கு நாட்டம் அதிகம். தம்மை எதிர்த்த பிரபு ஒருவர் தேவாலயத்தினுள்ளேயே கொல்லப்பட்ட சதியிலும் அவருக்குப் பங்கு உண்டென்று அக்காலத்தவரே எழுதினர். இவர் பணம் தேடி இங்கிலாந்துக்குச் சென்றிருந்த சமயத்தில், ஊரில் இருந்த குருமாரும் பிரபுக்களும் பணத்துக்கு ஆசைப்பட்டு, நகர மக்களுக்குக் கம்யூன் என்னும் கூட்டுரிமையை விற்றனர். அதன் சாராம்சம் மிக எளியது. அடிமைப்பட்டோர் தம் வழக்கமான வரியை ஆண்டுக்கு ஒருமுறை கட்டுவார்கள். தவறு செய்தால் சட்டம் குறித்த அபராதத்தைக் கட்டுவார்கள். அதற்குமேல் நினைத்தபோதெல்லாம் நினைத்த தொகையைப் பிடுங்கும் வழக்கம் ஒழியும். வேறொன்றுமில்லை. இவ்வளவு கேட்பதற்கே மக்கள் விலை கொடுக்க வேண்டியிருந்தது.

மேற்றிராணியார் திரும்பி வந்து சீறினார். பொன்னும் வெள்ளியும் கொடுத்தனர், சீற்றம் தணிந்தது. கம்யூனைக் காப்பதாக ஆணையிட்டார். ஆறாம் லூயி அரசனுக்கும் பணம் சென்றது, அவனும் உறுதிப்படுத்தினான். இது நிலைத்ததா? 1112ஆம் ஆண்டு ஈஸ்டர் பண்டிகைக்கு அரசனை லாவோனுக்கு வரவழைத்த மேற்றிராணியார், கம்யூனை ரத்துச் செய்யும்படி கேட்டார். செய்தி அறிந்த மக்கள் அரசனுக்கு 400 பவுன் தருவதாகச் சொன்னார்கள். மேற்றிராணியார் தரப்பு 700 பவுன் என்றது. 700, 400ஐவிடப் பெரிது. அரசன் தன் ஆணையை முறித்துவிட்டு, ஊர் கொந்தளிப்பதைக் கண்டு விடியுமுன்னே வெளியேறினான். எஞ்சியது இன்னும் கேவலம். கம்யூனை அமைப்பதற்கு எவன் எவன் எவ்வளவு கொடுத்தானோ, அதே தொகையை அதை அழிப்பதற்கும் அவனவனே கொடுக்க வேண்டும் என்று மேற்றிராணியார் கணக்கெடுக்கலானார்! நம் வாழ்நாளில் எத்தனையோ பற்றெழுத்தைப் பார்த்திருக்கிறோம். இப்படிப்பட்ட பற்றெழுத்தைப் பார்த்ததில்லை.

செருப்புத் தைப்போரும் சாராயக் கடைக்காரரும் கடையை மூடினர். ஏப்ரல் 25ஆம் தேதி “கம்யூன்! கம்யூன்!” என்னும் கூச்சலோடு மக்கள் மேற்றிராணியார் மாளிகையில் புகுந்தார்கள். அவர் நிலவறையில் ஒரு பீப்பாய்க்குள் ஒளிந்தார். கண்டுபிடித்து இழுத்துவந்து கொன்றார்கள். தீப்பற்றித் தேவாலயமும் எரிந்தது. பின்னர் மக்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. ஓடினவர்கள் ஓடினார்கள், அகப்பட்டவர்கள் தூக்கிலேறினார்கள். இவ்வளவையும் எழுதி வைத்தவர் கிபேர் என்னும் மடாதிபதி. அவர் மக்கள் கட்சியினர் அல்லர். கம்யூன் என்பது புதியதும் மிகக் கொடியதுமான பெயர் என்று சபித்தவர். பகைவனே தந்த சாட்சியமாதலால் அதை நாம் நம்புகிறோம். கொலையை நாம் போற்றவில்லை. ஆனால் கொலையை மட்டும் எழுதி, அதற்கு முன் நடந்த ஏலத்தை எழுதாமல் விடும் புத்தகங்களை எவ்வாறு சரித்திரம் என்பது? 1128ஆம் ஆண்டில் லாவோனுக்கு மறுபடியும் ஒரு சாசனம் கிடைத்தது. கம்யூன் என்ற சொல் அதில் இல்லை, சமாதான ஏற்பாடு என்று பெயரிட்டார்கள். இதைத்தான் அரசன் “அளித்தான்” என்று நாம் பரீட்சையில் எழுதினோம்.

அந்தச் சொல்லைக் கண்டு பிரபுக்கள் ஏன் அஞ்சினார்கள்? ஆணையிடுவது அக்காலத்துக்குப் புதிதன்று. பண்ணையாள் பிரபுவுக்கு, பிரபு பெரிய பிரபுவுக்கு, அவன் அரசனுக்கு என்று எல்லாரும் மேலே பார்த்துக் கைகூப்பி ஆணையிட்டார்கள். கம்யூனில் மனிதர் மேலே பார்க்கவில்லை, பக்கத்தில் பார்த்தார்கள். கொல்லன் நெசவாளிக்கும், நெசவாளி உப்பு வியாபாரிக்கும், ஒருவனுக்குத் தீங்கு வந்தால் அனைவரும் வருவோம் என்று ஆணையிட்டார்கள். புதுமை அதுவே. காம்பிரே நகரத்தார் 1077ஆம் ஆண்டில் தங்கள் மேற்றிராணியார் ஊரில் இல்லாத வேளையில் இவ்வாறு ஆணையிட்டனர். அவர் படையோடு வந்து நசுக்கினார். இத்தாலியில் செந்தாடி பிரடெரிக் சக்கரவர்த்தி 1162இல் மிலான் நகரத்தை இடித்துத் தரைமட்டமாக்கினான். இடிக்கப்பட்ட நகரமும் பக்கத்து நகரங்களும் சேர்ந்து ஆணையிட்டு லொம்பார்டுச் சங்கம் கண்டன. 1176இல் லெஞானோ என்னுமிடத்தில் அச்சக்கரவர்த்தியைத் தோற்கடித்தன. 1183இல் கொன்ஸ்டான்ஸ் உடன்படிக்கையில் நகரங்களின் சுயாட்சியை அவன் ஒப்புக்கொண்டான். அதுவும் மனமிரங்கி அளித்ததுதான் போலும்!

இனி மற்றொரு சாரார் இருக்கிறார்கள். இவர்கள் அரசரைப் புகழ்வதில்லை, நகரத்தையே புகழ்வார்கள். இடைக்கால நகரத்தில் கில்டு என்னும் தொழிற்கழகங்கள் இருந்தன, முதலாளியும் தொழிலாளியும் ஒரே மேசையில் உண்டனர், சண்டையும் சச்சரவும் இயந்திரம் வந்தபின் வந்த வியாதி என்று இவர்கள் பெருமூச்சு விடுவார்கள். அரசபக்தரைவிட இவர்களை மறுப்பது அவசியம். ஏனெனில் இவர்கள் நல்லவர்களாகத் தோன்றுகிறார்கள்.

ஆணையிட்டு வென்றவர்களில் பணம் படைத்தோர் வென்றவுடன் செய்த முதற்காரியம், ஆணையின் கதவைத் தம் பின்னால் சாத்திக்கொண்டதே. பிலிப் த போமன்வார் என்னும் பிரெஞ்சு நியாயாதிபதி, புரட்சிக்காரர் அல்லர், அரசாங்க உத்தியோகஸ்தர், 1283ஆம் ஆண்டில் எழுதுகிறார்: பல நகரங்களில் ஏழைக்கும் நடுத்தரத்தானுக்கும் நிர்வாகத்தில் பங்கில்லை, பணக்காரர் அனைத்தையும் வைத்துக்கொண்டு வரிப்பாரத்தை எளியவர் தலையில் ஏற்றுகிறார்கள் என்று. லண்டனில் 1196இலேயே இக்குறையை எடுத்துப் பேசிய நீள்தாடி வில்லியம் என்பவனைத் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்த பின்னும் தீயிட்டுப் புகைத்து வெளியே கொணர்ந்து தூக்கிலிட்டார்கள்.

கம்பளி நெசவுக்குப் பேர்போன டூவே நகரத்தில் ஜெஹான் பாயின்புரோக் என்றொரு துணி வியாபாரி இருந்தான். 1286ஆம் ஆண்டையொட்டி இறந்தான். கம்பளிமயிர் அவனுடையது. அதை நூற்றவர், நெய்தவர், சாயமிட்டவர் அவனிடம் கடன்பட்டவர். அவர்களிற் பலர் குடியிருந்த வீடும் அவனுடையது. நியாயம் கேட்க நகரசபைக்குப் போனால் அங்கே அங்கத்தினராக வீற்றிருப்பவனும் அவனே. 1280இல் நெசவாளர் கிளர்ந்தபோது அடக்கிய சபையிலும் அவன் இருந்தான். கூலி கேட்டு வந்தவர்களை ஏளனம் பேசித் துரத்துவான். அவன் சாகும்வரை ஒருவரும் வாய்திறக்கவில்லை. செத்தபின், அவன் ஆத்துமாவின் கடன்களைத் தீர்க்க முற்பட்டவர்கள் முன்னிலையில் நாற்பதுக்கு மேற்பட்டோர் வந்து, எனக்கு இவ்வளவு தரவேண்டும், என் வீட்டைப் பிடுங்கிக்கொண்டான் என்று முறையிட்ட நீண்ட தோற்சுருள் இன்றும் எஞ்சியிருக்கிறது. வீடும் வேலையும் கடையும் நியாயமும் ஒருவன் கையிலே இருந்தால் வாழ்க்கை எப்படியிருக்கும் என்பதைத் தோட்டத்து வாசகர்களுக்கு நாம் விளக்கப் புகுவது அதிகப்பிரசங்கமாகும். இதுவும் மதிலுக்குள்ளே, அந்த விடுதலைக் காற்றிலேதான் நடந்தது. தொழிலாளர் கூடி வேலைநிறுத்தம் செய்வதை அந்நகரசபை 1245இலேயே தடைசெய்திருந்தது.

புளோரன்ஸ் நகரத்தில் கம்பளி வியாபாரிகளின் கழகம் பல ஆயிரம் பேருக்கு வேலை கொடுத்தது. வேலை செய்தவர்களுக்குச் சொந்தக் கழகம் வைக்க உரிமையில்லை. அவர்களைத் தண்டிக்க வியாபாரிகளின் கழகமே வெளியூர் அதிகாரி ஒருவரை அமர்த்தியிருந்தது. சியூட்டோ பிராந்தினி என்னும் தொழிலாளி கம்பளி சிக்கெடுப்போரைக் கூட்டி ஒரு சங்கம் அமைக்க முயன்றான். 1345ஆம் ஆண்டு மே மாதத்தில் இரவோடு இரவாக அவனைப் பிடித்தார்கள். தோழர்கள் வேலையை நிறுத்திவிட்டு அவனை விடச் சொல்லிக் கேட்டார்கள். தூக்கிலிட்டு விட்டார்கள். 1378இல் சியோம்பி எனப்பட்ட இத்தொழிலாளர் பெருங்கூட்டமாய் எழுந்தனர். 21 கழகங்களோடு 3 புதுக்கழகங்கள் சேர்ந்தன, அவற்றில் ஒன்று அவர்களுடையது. தம்மில் ஒருவனான மிக்கேலே தி லாண்டோ என்பவனை நகரத்தின் தலைமை நாற்காலியில் இருத்தினார்கள். அடுத்த மாதக் கடைசியில், ஆகஸ்டு 31ஆம் தேதி, மற்றக் கழகங்கள் ஒன்றுகூடி அத்தொழிலாளரை அடித்து நொறுக்கின. முன்னின்று அடித்தவன் அதே லாண்டோ! நாற்காலியில் உட்கார்ந்தவுடன் கூட்டாளிகளை மறந்தான். 1382இல் மற்ற இரு புதுக்கழகங்களும் ஒழிக்கப்பட்டன, அவனையும் நாடு கடத்தினார்கள். எஜமானர் சொற்படி கேட்டு நம்மவர் மீது கை ஓங்குவோருக்கு அவர்கள் தரும் பென்ஷன் இதுதான்.

தொழிலாளரை வெளியே நிறுத்திய கதவு வேறு பலரையும் நிறுத்திற்று. கிழக்கு ஜெர்மனி நகரங்களிற் பல கழகங்கள், 14ஆம் நூற்றாண்டு முதல், ஜெர்மானிய வம்சத்தில் பிறந்தவன் என்று நிரூபித்தாலன்றி ஒருவனைச் சேர்க்க மறுத்தன. அந்நாட்டின் பூர்வ குடிகளாகிய வெண்டு இனத்தார் தம் சொந்த மண்ணிலேயே செருப்புத் தைக்கவும் தகுதியற்றவராயினர். கொலையாளியாகிய அலுகோசின் மகன், தோலுரிப்போன் மகன், சில ஊர்களில் சணல் நெய்பவன் மகன்கூட, பிறப்பாலேயே இழிந்தவன் என்று தள்ளப்பட்டான். இதற்கு நம்மிடையே வழங்கும் பெயரை நாம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டிராஸ்பர்க் நகரத்தில் 1349 பிப்ரவரியில், கொள்ளைநோய் அவ்வூரை எட்டுமுன்பே, கிணற்றில் விஷமிட்டார்கள் என்று யூதர்மேல் பழி சுமத்தினர். பழைய நகரசபை யூதரைக் காக்க முயன்றது. கழகத்தார் அச்சபையைக் கவிழ்த்துவிட்டு யூதரை உயிரோடு எரித்தனர். அவர்களிடம் பட்ட கடன்கள் ரத்தாயின, ரொக்கம் பங்கிடப்பட்டது. அடிமைகளை விடுவிக்க வந்த ஆணை இவ்விடத்தில் கொள்ளைப் பங்குச்சீட்டாயிற்று.

இவையெல்லாம் அக்காலத்து மூடத்தனம், அதற்காக நகரத்தின் பெருமையைக் குறைக்கலாமா என்று கேட்பார்கள். பெருமையை நாம் குறைக்கவில்லை. நகரம் எதனால் வென்றதோ அதை விட்டதனாலேயே தோற்றது என்கிறோம். பிளாண்டர்ஸ் நாட்டைப் பாருங்கள். 1302ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் தேதி, குர்ட்ரே என்னுமிடத்தில், புரூஜ் முதலிய நகரங்களின் நெசவாளரும் கம்பளியை மிதித்துச் சுத்தம் செய்வோரும் இறைச்சிக் கடைக்காரரும் ஈட்டியும் தடியும் கொண்டு கால்நடையாய் நின்று, பிரெஞ்சு அரசனுடைய குதிரைப் பிரபுக்களைத் தோற்கடித்தார்கள். மாண்ட பிரபுக்களின் பொற்குதிமுட்களைக் கழற்றித் தேவாலயத்தில் தொங்கவிட்டார்கள். அன்று ஒரே அணியில் நின்ற நெசவாளரும் மிதிப்போரும், சியூட்டோவைப் பிடித்த அதே 1345 மே மாதத்தில், கெண்ட் நகரத்துச் சந்தை மைதானத்தில் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். மிதிப்போர் கேட்டது கூலி உயர்வு. மறுத்தவர் நெசவாளர். வீழ்ந்தவர் நூற்றுக்கணக்கானோர். அந்நாளைத் தீய திங்கள் என்று அவ்வூரார் குறித்து வைத்தனர்.

1539இல் அதே கெண்ட், ஐந்தாம் சார்லஸ் சக்கரவர்த்தி கேட்ட போர்வரியைக் கொடுக்க மறுத்து எழுந்தது. சார்லஸ் பிறந்த ஊரும் அதுவே. 1540இல் அவன் படையோடு வந்தான். துணைக்கு வர ஒரு நகரமும் இல்லை. ஊர்ப் பிரமுகர்கள் கறுப்புடை தரித்து வெறுங்காலோடும், ஏழைத் தொழிலாளர் வெள்ளைச் சட்டையோடு கழுத்தில் சுருக்குக் கயிறு மாட்டிக்கொண்டும் அவன்முன் சென்று மண்டியிட்டார்கள். “அளித்த” சாசனங்களை எல்லாம் அவன் திரும்ப வாங்கிக்கொண்டான். கயிறு சுமந்தோர் என்னும் பட்டப்பெயர் கெண்ட் நகரத்தாருக்கு இன்றளவும் வழங்குகிறது.